அலையன்ஸ் ஃபீல்டு, செயின்ட் பால்: மனைக்கு 5க்கு 4, சுற்றுப்புறத்துக்கு 5க்கு 2

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஒட்டிப் பிறந்த நகரங்கள். இரண்டையும் இணைக்கும் யூனிவர்சிட்டி அவென்யூவில், ஏறக்குறையப் பாதி வழியில், மிட்வே என்ற பகுதியில் இருக்கிறது அலையன்ஸ் ஃபீல்டு. அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீகான மேஜர் லீக் சாக்கரில் ஆடும் மினசோட்டா யுனைடெட் அணியின் சொந்த மைதானம். 2019 ஏப்ரல் 13 அன்று திறந்தார்கள். 19,400 பேர் கொள்ளும். கட்டுமானச் செலவு சுமார் 25 கோடி டாலர். அதை அணியின் உரிமையாளர்கள் போட்டார்கள். சாலை, நடைபாதை, மழைநீர் வடிகால் என்று வெளி வேலைகளுக்கு நகராட்சி ஏறக்குறைய 1.8 கோடி டாலர் ஒதுக்கியது.

மைதானத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கூரை, திரை, தின்பண்டம் என்று உள்ளே நடப்பதை எழுதுகிறார்கள். இந்த மதிப்பீடு மனையைப் பற்றியது. ஊருக்கு நடுவே ஒரு தொழில்முறைக் கால்பந்து அரங்கத்துக்கு இடம் பார்ப்பவர்கள், ஆட்டம் முடிந்த பிறகு 19,000 பேர் எப்படி வீடு போவார்கள், நிலம் யார் கையில் இருக்கிறது, பக்கத்து நிலத்தில் அடுத்து என்ன வரும் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டில் மிட்வே நன்றாகவே தேறியது. மூன்றாவதில் கோட்டைவிட்டது.

முதலில் பேசப்பட்ட இடம் இதுவல்ல. 2015 மார்ச்சில் லீக் இந்த அணியைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தபோது, மினியாபொலிஸ் நகர மையத்தை ஒட்டிய விவசாயிகள் சந்தைப் பக்கம்தான் திட்டம் இருந்தது. அங்கே அணி கேட்ட வரிச் சலுகை எடுபடவில்லை. லீக் விதித்த ஜூலை 1 கெடுவும் தாண்டிப்போனது. அந்த ஆண்டு அக்டோபரில் செயின்ட் பால் என்று முடிவானது. இரண்டு மனைகளையும் தாளில் ஒப்பிட்டால் விவசாயிகள் சந்தைதான் கவர்ச்சி: வானளாவிய கட்டடங்கள் பின்னணியில் தெரியும், பேஸ்பால் மைதானமான டார்கெட் ஃபீல்டு பக்கத்தில். ஆனால் அரங்கத்துக்கு இடம் பார்க்கும்போது பார்வைக்கு அழகான மனையைவிட, கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் எண்ணிக்கை குறைவாக உள்ள மனைதான் கட்டி முடிகிறது. மிட்வேயில் முக்கியமான 10 ஏக்கர் ஒரே ஒரு பொது அமைப்பிடம், அதாவது இரு நகரங்களின் போக்குவரத்தையும் கவனிக்கும் மெட்ரோபாலிடன் கவுன்சிலிடம், இருந்தது.

அந்த 10 ஏக்கர் ஒரு காலத்தில் டிராம் பட்டறை, பிறகு பஸ் டிப்போ, கடைசியில் பல ஆண்டுகளாக வெறும் காலிமனை. வீடு ஒன்றைக்கூட இடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலிருந்த மிட்வே சென்டர் வணிக வளாகத்தின் ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டதால் சில கடைகள் மட்டும் இடம் மாற வேண்டி வந்தது. நிலத்தை நகராட்சி நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து அணிக்கு உள்குத்தகை கொடுத்தது. கட்டடம் நகராட்சிக்கே சொந்தம், சொத்து வரியும் கிடையாது.

இந்த வரிவிலக்கைப் பற்றிக் கடும் விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. டிப்போ நிலம் ஏற்கெனவே அரசுடைமை என்பதால் அதிலிருந்து வரி வந்துகொண்டிருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வணிக வளாகத்தின் நிலம் வரி கட்டிக்கொண்டிருந்த நிலம். வேறு ஊர்க்காரர்கள் இந்த ஏற்பாட்டை நகலெடுக்க நினைத்தால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். காலக்கணக்கும் முக்கியம். வரிவிலக்கு இருந்த 2016ஆம் ஆண்டு மசோதா, அரங்கத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு வரைவுப் பிழையால் ஆளுநரின் கையெழுத்தைப் பெறவில்லை. 2017இல்தான் விலக்கு சட்டமானது. 2018 என்று பேசப்பட்ட திறப்பு 2019க்குப் போனது. அதுவரை அணி 50,000 பேர் அமரக்கூடிய பல்கலைக்கழக மைதானத்தில் ஆடியது. வாடகை மைதானத்தில் ஒரு சீசன் கூடுதலாக ஆடுவதற்கான பணத்தை முதல் நாளிலேயே திட்டத்தில் ஒதுக்கி வைக்காத அணிகள் பிற்பாடு தவிக்கின்றன.

மனையின் அளவுக்கு வருவோம். ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் சுமார் 6 மீட்டர் விட வேண்டும். ஒரு வரிசைக்கு 80 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்தால் 30 வரிசைக் கேலரிக்கு 24 மீட்டர். பின்னால் நடைவழி, கடைகள், கழிப்பறை, படிக்கட்டுக்கு 15 மீட்டர். நான்கு பக்கமும் இதைச் சேர்த்தால் மொத்தம் 195க்கு 158 மீட்டர், அதாவது 7.6 ஏக்கர். இது கட்டடத்துக்கு மட்டும். வாசலில் கூட்டம் நிற்க, ஆம்புலன்ஸும் தொலைக்காட்சி வண்டிகளும் வந்து திரும்ப இன்னும் 2 முதல் 4 ஏக்கர் வேண்டும். ஆக, 20,000 பேர் அரங்கத்துக்கு 10 ஏக்கருக்குக் கீழே யார் மனை காட்டினாலும் அடுத்த மனையைப் பார்ப்பது நல்லது. அந்த 10 ஏக்கரும் சதுரமாக இருந்தால்தான் கதை நடக்கும். நீண்டு ஒடுங்கிய நிலத்தில் குறுக்கே 158 மீட்டர் கிடைக்காது. ஆடுகளம் வடக்கு தெற்காகப் படுக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. கிழக்கு மேற்காகப் போட்டால் மாலை ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பருக்கு 45 நிமிடம் நேர் கண்ணில் வெயில்.

மிட்வேயில் இந்த நெருக்கடியைக் கேலரியின் சரிவால் சமாளித்திருக்கிறார்கள். தீவிர ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதியின் சரிவு 34.9 டிகிரி. சரிவு கூடினால் முன்னால் நிற்பவரின் தலைக்கு மேல் பார்வை எளிதாகப் போகும். அதே எண்ணிக்கை மக்களுக்கு நிலமும் குறைவாகப் போதும். கடைசி வரிசைகூட ஆடுகளத்திலிருந்து ஏறக்குறைய 38 மீட்டர்தான். செங்குத்தான கேலரியில் படி இறங்குவது முதியவர்களுக்குச் சிரமம் என்பதால், இந்த அளவு சரிவை எல்லாப் பக்கமும் வைப்பது சரிவராது. நிற்கும் பகுதியோடு நிறுத்தியது நல்ல முடிவு.

போக்குவரத்துக்கு வந்தால் இந்த மனை உண்மையிலேயே பிரமாதம். யூனிவர்சிட்டி அவென்யூவில் 2014 ஜூன் 14 முதல் கிரீன் லைன் லைட் ரயில் ஓடுகிறது. இரு நகர மையங்களையும் இணைப்பது அதுதான். குறுக்கே போகும் ஸ்னெல்லிங் அவென்யூவில் 2016 ஜூன் 11 முதல் ஏ லைன் விரைவுப் பேருந்து. அது தெற்கே ப்ளூ லைன் ரயிலில் போய் இணைகிறது. அங்கிருந்து விமான நிலையம் போகலாம். இரண்டு தடங்களும் சந்திக்கும் முனையிலிருந்து அரங்க வாசல் சில நிமிட நடை. இதில் வரிசைக்கிரமம்தான் முக்கியம்: ரயில் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து அரங்கம் வந்தது. “அரங்கத்தைக் கட்டுங்கள், ரயில் பின்னால் வரும்” என்ற வாக்குறுதியை நம்பி மனை வாங்கிய ஊர்கள் இன்னும் பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன.

ஆனாலும் ரயில் பக்கத்தில் இருப்பதும், ரயில் கூட்டத்தைத் தாங்குவதும் வேறு வேறு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பெட்டி ரயில், பெட்டிக்கு நின்றும் உட்கார்ந்தும் 150 பேர் என்றால் ஒரு வண்டிக்கு 450 பேர். 10 நிமிடத்துக்கு ஒன்று என்று இரு திசையிலும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 12 வண்டி, 5,400 பேர். இடைவெளி 15 நிமிடமாக இழுத்தால் அதே ஒரு மணி நேரத்தில் 3,600 பேர்தான். மைதானத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமல் 1,800 பேர் நடைமேடையில் தங்கிவிடுகிறார்கள். ரயில் தெருவின் நடுவே ஓடுவதால் சிக்னலிலும் நிற்கும்; ஆட்டம் முடிந்து கூட்டம் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது இன்னும் மெதுவாகும். ஆகவே இப்படிப்பட்ட மனைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆட்ட நாளில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, கூடுதல் வண்டிக்கு யார் பணம் கொடுப்பது என்பதை எண்ணாகவே எழுதி வாங்க வேண்டும். “போதுமான போக்குவரத்து வசதி” என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கிரீன் லைன் நிலையங்கள் இங்கே ஏறக்குறைய அரை மைலுக்கு ஒன்று: மேற்கே ஃபேர்வியூ, நடுவில் ஸ்னெல்லிங், கிழக்கே ஹேம்லின். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஸ்னெல்லிங்கில் குவிவார்கள். மினியாபொலிஸ் போக வேண்டியவர்கள், அதாவது மேற்கே போகிறவர்கள், எதிர்த்திசையில் ஹேம்லினுக்கு நடந்து ஏறினால் வண்டி ஸ்னெல்லிங் வரும் முன்பே இடம் கிடைத்துவிடும். செயின்ட் பால் மையத்துக்குப் போகிறவர்கள் ஃபேர்வியூவுக்கு நடக்கலாம். மார்ச், ஏப்ரலில் போனால் இந்த நடைக்குத் தகுந்த காலணியும் கோட்டும் கட்டாயம். திறப்பு விழா வாரத்தில்கூட அங்கே பனிப்புயல் அடித்தது. கார் ஓட்டி வருபவர்கள் மைதானத்தை ஒட்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், அங்கே இருப்பது சில நூறு இடங்கள்தான். வடக்கே மாநிலக் கண்காட்சித் திடலில் வண்டியை விட்டுவிட்டு ஷட்டில் பஸ் பிடிப்பது வழக்கம்.

பார்க்கிங் குறைவாக இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு காருக்கு வழியோடு சேர்த்து சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். 5,000 காருக்கு 15 ஹெக்டேர், 37 ஏக்கர். மிட்வேயில் அந்த முழு வணிகத் தொகுதியே ஏறக்குறைய 35 ஏக்கர்தான். பார்க்கிங்குக்கு இடம் கொடுத்திருந்தால் அரங்கத்துக்கே இடம் மிஞ்சியிருக்காது. ஆண்டுக்கு இருபது சொச்சம் ஆட்டத்துக்காக ஊரின் நடுவே அத்தனை நிலத்தைத் தார் போட்டு மூடுவது எந்த நகரத்துக்கும் கட்டுப்படியாகாது. எனவே இதை மனையின் பலமாகவே எடுத்துக்கொள்ளலாம். விலை என்னவென்றால், ஆட்ட நாளில் சுற்றுத் தெருக்களில் கார்கள் நுழையும். குடியிருப்பவர்களுக்கு மட்டுமான அனுமதிச் சீட்டு முறையை முதல் ஆட்டத்துக்கு முன்பே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும், புகார் வந்தபின் யோசிப்பது பயன்படாது.

மண். டிராம் பட்டறையும் பஸ் டிப்போவும் இருந்த நிலத்தில் எண்ணெயும் ரசாயனமும் இறங்காமல் இருக்காது. ஊருக்கு நடுவே சும்மா கிடக்கும் பெரிய மனை என்றாலே, அது ஏன் சும்மா கிடக்கிறது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்; பெரும்பாலும் விடை மண்ணில் இருக்கும். துளைபோட்டு எடுக்கும் மண் மாதிரிகளை ஆடுகளம் வரும் இடத்தில் மட்டும் எடுப்பது பொதுவான தவறு. அடித்தளத் தூண்கள் இறங்குவது கேலரிக்குக் கீழேதான். மழைநீர்த் தொட்டிக்குத் தோண்டுவது வெளிமுற்றத்தில். மாசுபட்ட மண்ணை லாரியில் ஏற்றிச் சிறப்புக் குப்பைக்கிடங்குக்கு அனுப்பும் செலவு, சாதாரண மண்ணை அகற்றுவதைவிடப் பல மடங்கு. மிட்வேயில் மழைநீரைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் அமைப்பைச் சுற்றியுள்ள மனைகளுக்கும் பொதுவாகவே திட்டமிட்டார்கள். கூரையிலும் முற்றத்திலும் விழும் நீரை ஒரே நேரத்தில் பழைய சாக்கடையில் தள்ளினால் அக்கம்பக்கத்துத் தெருவில் வெள்ளம் வரும், அதைத் தவிர்த்த விதம் பாராட்டுக்குரியது.

இனி மதிப்பெண் குறைந்த இடம். 2016இல் நகராட்சி மன்றம் ஒப்புக்கொண்ட பெருந்திட்டத்தில் அரங்கம் ஒரு பகுதி மட்டுமே. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள், ஹோட்டல், கடைகள், வீடுகள், பசுமைவெளி என்று வரைபடம் நிரம்பியிருந்தது. பொதுப் பணம் போடுவதற்குச் சொன்ன காரணமே அந்த வரைபடம்தான். அரங்கம் சொன்னபடி எழுந்தது. வடக்கே யூனிவர்சிட்டி அவென்யூ பக்கம் கிரேட் லான் என்ற புல்வெளியும் வந்தது. மற்றவை வரவில்லை. பழைய வணிக வளாகம் அப்படியே நின்றது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டி வெடித்த 2020 மே மாதக் கலவரத்தின்போது தீப்பிடித்துச் சேதமாகி, பிறகு இடிக்கப்பட்டது. அரங்கம் திறந்து பல ஆண்டுகள் கழிந்தும் ரயில் நிலையத்துக்கும் அரங்கத்துக்கும் இடையில் பெரும்பகுதி வேலி போட்ட வெற்று நிலம். அணியின் முதன்மை உரிமையாளர் பில் மெக்வயர் தரப்பே அந்த நிலத்தின் மேம்பாட்டைக் கையில் எடுத்து, யுனைடெட் வில்லேஜ் என்ற பெயரில் வேலையைத் தொடங்கிய பிறகுதான் அசைவு தெரிந்தது.

ஏன் இப்படி ஆனது? அரங்கத்துக்குக் காலக்கெடு இருந்தது, பக்கத்து நிலத்துக்கு இல்லை. அந்த நிலம் வேறு உரிமையாளர் கையில்; கடைகளின் குத்தகைகள் ஓடிக்கொண்டிருந்தன; கட்டியே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டுப்படுத்தும் ஷரத்து எதுவும் பலமாக இல்லை. அரங்கம் வந்தால் நிலத்தின் மதிப்பு தானாக ஏறும் என்னும்போது எந்த நில உரிமையாளரும் அவசரப்பட மாட்டார். கால்பந்து அரங்கம் ஆண்டின் பெரும்பாலான நாள் பூட்டியே இருக்கிறது. அதைச் சுற்றி அன்றாடம் ஆள் நடமாட்டம் வேண்டுமானால் வீடும் கடையும் தனியாக வந்தாக வேண்டும். நகராட்சி தன் 1.8 கோடி டாலரைத் தவணையாகப் பிரித்து, முதல் குடியிருப்புக் கட்டடத்தின் அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, குறித்த தேதிக்குள் முடியாவிட்டால் நிலத்தை வாங்கும் முன்னுரிமை நகராட்சிக்கு என்று எழுதியிருந்தால் பேரம் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

இன்னொரு குறை, தெற்குப் பக்கம். ஐ-94 நெடுஞ்சாலை அரங்கத்தை ஒட்டிப் பள்ளத்தில் ஓடுகிறது. இரைச்சல் ஏற்கெனவே உள்ள இடத்தில் அரங்கத்தை வைத்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் தெற்கே குடியிருப்பவர்கள் நடந்து வர ஸ்னெல்லிங் பாலத்தைத் தாண்ட வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறும், இறங்கும் வண்டிகளுக்கு நடுவே அந்த நடைபாதை சுகமாக இல்லை. மனையிலிருந்து 15 நிமிட நடைத் தொலைவுக்கு வட்டம் போட்டுவிட்டு அதில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று எண்ணுவது ஆலோசகர்களின் வழக்கம். வட்டத்தை அழித்துவிட்டு, பாலமும் சிக்னலும் விடும் வழியில் நடந்தே அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

மற்ற ஊர்களோடு வைத்துப் பார்த்தால் மிட்வேயின் தரம் தெளிவாகும். வாஷிங்டனில் 2018இல் திறந்த ஆடி ஃபீல்டு, பழைய தொழிற்சாலைப் பகுதியான பஸ்ஸர்ட் பாயின்ட்டில் இருக்கிறது. நேவி யார்டு மெட்ரோ நிலையத்திலிருந்து கால் மணி நேரத்துக்குக் குறையாத நடை. சுற்றுப்புறம் மிட்வேயைவிட வேகமாக எழுந்தது, ஆனால் கூட்டம் கலையும் விதத்தில் மிட்வேதான் மேல். சின்சினாட்டியின் டிக்யூஎல் ஸ்டேடியம், 26,000 பேர், 2021இல் வெஸ்ட் எண்ட் பகுதியில் வந்தது. அதற்காக ஒரு பள்ளியின் ஸ்டார்கெல் மைதானத்தை அகற்றி வேறிடத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் பெரும் எண்ணிக்கையில் கறுப்பின மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதி அது. எதிர்ப்பு கடுமையாக இருந்ததில் வியப்பில்லை. நில வரைபடத்தில் தெரியாத இந்த வரலாற்றையும் இடம் பார்க்கும் குழு படித்துவிட்டுத்தான் போக வேண்டும். மனைக்கு மட்டும் முதல் பரிசு என்றால் செயின்ட் லூயிஸுக்குக் கொடுக்கலாம்: பாதியில் கைவிடப்பட்ட நெடுஞ்சாலைத் திட்டத்தின் ஏற்றப்பாதை நிலத்தில் 22,000 சொச்சம் பேர் அரங்கம், ஆடுகளம் தெரு மட்டத்துக்குக் கீழே. பள்ளத்தில் வைத்ததால் தெருவிலிருந்து பார்க்கக் கட்டடம் உயரமாக இல்லை, நுழைந்ததும் கேலரியின் நடுவில் நிற்கலாம்.

புறநகர் மனை மலிவு என்று போனவர்களுக்குச் சிகாகோ ஃபயர் அணி ஒரு பாடம். 2006இல் பிரிட்ஜ்வியூவில் 20,000 பேர் அரங்கத்துக்குப் போனார்கள். வாசலில் ரயில் இல்லை. 2020 சீசனுக்கு நகருக்குள் சோல்ஜர் ஃபீல்டுக்குத் திரும்பினார்கள். குத்தகையிலிருந்து விடுபட 6 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. அரங்கத்தைக் கடனில் கட்டிய அந்தச் சிறு ஊராட்சி அந்தக் கடனோடு நின்றது.

அதே அணி 2025இல் நகர மையத்தின் தெற்கே ‘தி 78’ என்ற 62 ஏக்கர் பழைய ரயில்வே நிலத்தில் 22,000 பேர் அரங்கம் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறது. பணம் அணி உரிமையாளர் ஜோ மான்சுவெட்டோவுடையது. மிட்வேயைப் போலவே சும்மா கிடந்த நிலம், இடிக்க வீடு இல்லை, சுற்றிலும் பெரிய வரைபடம். ரூஸ்வெல்ட் ரயில் நிலையம் நடக்கும் தொலைவில் இருக்கிறது. அந்த நிலத்துக்கான பழைய திட்டத்தில் நகர ரயிலின் ரெட் லைன் தடத்துக்குப் புதிய நிலையம் ஒன்றும் பேசப்பட்டது. அந்தத் திட்டத்தைக் கவனிப்பவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்த நிலையத்துக்குத் தேதி போட்டிருக்கிறார்களா, அரங்கத்தைத் தவிர்த்த மீதி நிலத்தில் முதல் வீடு எந்த ஆண்டு முடியும் என்று கையெழுத்தாகியிருக்கிறதா.